இரவு பத்து முதல் இரண்டு மணி வரை தோலுக்கு ஒதுக்கிய நேரமா?

கேள்வி, திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி
2024 மார்ச் 2

இரண்டு வருடமாக இரவுப் பணி. மாலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை ஆறரைக்குத்தான் வீடு. ஏழு மணிக்குப் படுத்து ஒரு மணிக்கு எழுகிறேன். தாடை ஓரத்தில் பரு, கண்ணுக்குக் கீழே கருமை. ராத்திரி விழித்து விழித்து முகம் கருகிவிட்டது, இதை வைத்துக்கொண்டு யாரிடம் ஜாதகம் கொடுப்பது என்று அம்மா தினமும் ஆரம்பித்துவிடுகிறார். இரவு பத்து முதல் இரண்டு மணி வரைதான் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அந்த நேரத்தை விட்டால் பகலில் பத்து மணி நேரம் தூங்கினாலும் வீண் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? உண்மை என்றால் வேலையை விட்டுவிடட்டுமா?

மார்ச் 2, இரவு 8.40

வேலையை விட வேண்டாம். அந்த வீடியோ சொல்வது சரி என்றால் மதுரையிலேயே பளபளப்பான முகம் எனக்குத்தான் இருக்க வேண்டும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் 21 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இரவு ஒன்பது மணிக்குப் படுப்பேன், ஒன்றரைக்கு எழுவேன், இரண்டரைக்குள் கடையில் இருப்பேன். அந்தப் புனிதமான நான்கு மணி நேரத்தில் அரை மணி போக மீதி முழுவதும் எனக்குத் தூக்கத்தில்தான் கழிகிறது. வந்து என் முகத்தைப் பாருங்கள். சுட்ட கத்தரிக்காய். கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள், ஒவ்வொன்றிலும் கால் கிலோ மொட்டு போட்டு வைக்கலாம். வயது 49தான் ஆகிறது, புதிதாகச் சரக்கு கொண்டுவருகிறவர்கள் ‘பெரியவரே’ என்கிறார்கள்.

ஒன்பது ஆகப் போகிறது. மீதி நாளைக்கு.

மார்ச் 3, பிற்பகல் 2.30

நேற்று கேலி மட்டும் செய்துவிட்டுப் போய்விட்டேன், காரணம் சொல்லவில்லை.

ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. பிள்ளைகளை வளர்ப்பது மட்டும் அதன் வேலை இல்லை. பெரியவர்களுக்குத் தேய்ந்த திசுக்களைப் பழுது பார்ப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆழ்ந்த தூக்கம் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம், போகப் போகக் கனவுத் தூக்கம் கூடுகிறது. ஆகவே பத்து மணிக்குப் படுக்கிற ஒருவருக்கு அந்த நல்ல பகுதி இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். இதைத்தான் யாரோ பிடித்துக்கொண்டு பத்து டு இரண்டு என்று பலகை எழுதி மாட்டிவிட்டார்கள். அந்த ஹார்மோன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சுரப்பதில்லை, கண் அசந்த நேரத்திலிருந்து கணக்கு வைத்துக்கொள்கிறது. படுக்கையைத் தள்ளிப் போட்டால் அதுவும் தள்ளிப் போகிறது என்பதை 1960களிலேயே தூங்குகிறவர்களிடம் திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். ஏழு மணிக்குப் படுக்கும் உங்களுக்கு அது ஒன்பது மணிக்குள் வேலையை ஆரம்பித்துவிடும்.

ஆக, எத்தனை மணிக்குத் தூங்குகிறோம் என்பது பொருட்டே இல்லை. எவ்வளவு நேரம், எத்தனை முறை கலைகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 5, பிற்பகல் 1.50

மேலே கடைசியாக எழுதிய இரண்டு வரியைத் திரும்பப் பெறுகிறேன். அதிகப்பிரசங்கித்தனம். இதைப் படித்த ஒருவர், மருந்தியல் சொல்லிக்கொடுக்கிறவர், நேற்று நன்றாகக் காய்ச்சிவிட்டார். தேவைதான். 21 வருடமாக மல்லிகை நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

நிலையூரிலும் வலையங்குளத்திலும் விடிவதற்கு முன்பே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மொட்டு எடுக்கிறார்கள். சாக்கில் அடைத்து, மினி வேனில் ஏற்றி, எங்கள் தராசில் கொட்டி, மறுபடி அடைத்து வெளியூருக்கு அனுப்புகிறோம். செடியை விட்டுப் பிரிந்து அத்தனை நேரம் ஆன பிறகும் அந்த மொட்டு சாயங்காலத்துக்குப் பிறகுதான் வாய் திறக்கும். சென்னைக்குப் போனாலும் அப்படித்தான். ஐஸ் வைத்துத் தாமதப்படுத்தலாம், ஆனால் காலை பத்து மணிக்குப் பூ என்று கெஞ்சினாலும் பூக்காது. செண்ட் ஆலைக்காரர்கள் காலையில் வாங்கிப் பரப்பி வைத்துவிட்டு, இரவில் அது விரிந்த பிறகே வாசனையைப் பிரிக்க ஆரம்பிப்பதும் இதனால்தான். பூவுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது.

தோலிலும் அப்படி ஒன்று ஓடுகிறது. தோலின் உயிரணுவை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால், உடம்போடு தொடர்பே இல்லாமல் சில நாள் வரை இரவு பகல் கணக்கு வைத்துக்கொள்கிறது. உடலுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈயில் கண்டுபிடித்ததற்காகத்தான் 2017இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். முகத்தில் எண்ணெய் வழிவது நடுப்பகலில் உச்சம். தோல் வழியாக ஈரம் கசிந்து வெளியேறுவது சாயங்காலத்துக்கு மேல் கூடி, காலையில் குறைகிறது. எலிகளுக்கு அதிகாலை நான்கு மணிக்குப் புற ஊதாக் கதிரைக் காட்டினால், மாலை நான்கு மணிக்குக் காட்டியதைவிட ஐந்து மடங்கு தோல் புற்று வந்தது என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அதே எலி, அதே கதிர், நேரம் மட்டும் வேறு. எலி இராத்திரி நடமாடும் பிராணி என்பதால் மனிதருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள்.

அப்படியானால் திருத்திய பதில்: வளர்ச்சி ஹார்மோன் தூக்கத்தின் பின்னால் போகிறது. உடம்பை விழிக்கவைக்கும் கார்ட்டிசாலும், தூக்கத்துக்குத் தயாராக்கும் மெலட்டோனினும் அப்படிப் போவதில்லை. அவை வெளிச்சத்தின் பின்னால் போகின்றன. கார்ட்டிசால் விடியும்போது உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டம். நீங்கள் ஏழு மணிக்குப் படுக்கும்போது உடம்பு ‘எழுந்திரு’ என்று கத்திக்கொண்டிருக்கிறது. போதாதற்கு வரும் வழியில் விடிகாலை வெளிச்சம் கண்ணில் அடித்து அந்தக் கத்தலை உறுதி செய்கிறது. பகல் தூக்கம் மெலிவதும் சீக்கிரம் கலைவதும் இதனால்தான். பத்து டு இரண்டு பொய். நேரம் பொருட்டே இல்லை என்று நான் சொன்னதும் பொய்.

ஒரு கேள்வி. சனி, ஞாயிறு என்ன செய்கிறீர்கள்?

மார்ச் 6, இரவு 8.20

விடுமுறை நாளில் வீட்டாரோடு பதினொரு மணிக்குப் படுத்துவிடுவாராம். அம்மாவின் கட்டளை. அதாவது ஐந்து நாள் காலை ஏழு, இரண்டு நாள் இரவு பதினொன்று. எட்டு மணி நேர வித்தியாசம். வாரா வாரம் டிக்கெட் எடுக்காமல் பிரேசிலுக்குப் போய்த் திரும்புகிறீர்கள் தாயி. உடம்பு எந்த ஊர் நேரத்தைப் பிடிக்கும்?

விடுமுறை நாளில் பாதி வழியில் நில்லுங்கள்: அதிகாலை மூன்று மணிக்குப் படுத்து, பதினொரு மணிக்கு எழுவது. முழுக்க ராக்கோழியாகவும் வேண்டாம், முழுக்கப் பகல் ஆளாகவும் வேண்டாம். ஷிப்ட் வேலைக்காரர்களை ஆராய்கிறவர்கள் சொல்லும் சமரசம் இதுதான். வரும் வழியில் கருப்புக் கண்ணாடி போடுங்கள், படுக்கும் அறை ஜன்னலுக்குக் கருப்புத் துணி. அம்மாவைச் சமாளிப்பது உங்கள் பாடு.

மார்ச் 11, பிற்பகல் 2.10

‘தூக்கத்துக்கும் தோலுக்கும் சம்பந்தம் என்று நிரூபித்தவர் யார்’ என்று ஒருவர் முறைக்கிறார். நியாயம்.

அமெரிக்காவில் கிளீவ்லண்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள 60 பெண்களை நல்ல தூக்கக்காரர், கெட்ட தூக்கக்காரர் என்று பிரித்துப் பார்த்தார்கள். தோலின் மேலடுக்கை ஒட்டுநாடாவால் உரித்துவிட்டு, 72 மணி நேரம் கழித்து எவ்வளவு ஆறியிருக்கிறது என்று அளந்தார்கள். நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு 30 சதவீதம் அதிகமாக ஆறியிருந்தது. வெயில் பட்ட சிவப்பும் அவர்களுக்குச் சீக்கிரம் அடங்கியது. 2015இல் வெளிவந்தது. பணம் கொடுத்தது எஸ்டி லாடர், இரவில் பூசும் க்ரீம் விற்கிற கம்பெனி. மொட்டு விற்கிறவனிடம் மல்லிகை நல்லதா என்று கேட்பது மாதிரி. பொய் என்று சொல்லவில்லை, ஓர் ஓரமாக வைத்துப் படியுங்கள் என்கிறேன். மேலும் இது ஒரு நேரத்தில் எடுத்த படம்: தூக்கம் கெட்டதால் தோல் கெட்டதா, வேறொன்று இரண்டையும் கெடுத்ததா என்பது இதில் தெரியாது.

எனக்குப் பிடித்தது ஸ்வீடனில் செய்தது. 23 பேரை எட்டு மணி நேரம் தூங்கவைத்து ஒரு போட்டோ, 31 மணி நேரம் விழிக்கவைத்து ஒரு போட்டோ. எது எந்தப் படம் என்று சொல்லாமல் 65 பேரிடம் காட்டினார்கள். விழித்திருந்த படங்களுக்கு ஆரோக்கியத்திலும் அழகிலும் மதிப்பெண் குறைந்தது. 2010. ஒரே இரவு! அடுத்து இன்னொரு சிறு ஆய்வில் முகத்தின் எந்த இடம் காட்டிக்கொடுக்கிறது என்று பார்த்தார்கள்: தொங்கும் இமை, சிவந்த கண், வீக்கம், வெளிறிய தோல், கீழே இழுத்த வாயோரம். ஆக, அம்மா கண்ணில் படுவது கற்பனை இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடுவது.

கண்ணுக்குக் கீழே நிரந்தரமாக இருக்கும் கருமை வேறு கதை. நம் நிறத்துக்காரர்களுக்கு அது பெரும்பாலும் மெலனின், குடும்பச் சொத்து. என் அப்பா வைகை அணையில் எடுத்துக்கொண்ட 1971ஆம் வருடப் படத்தில் அவருக்கு 26 வயது. எட்டு மணிக்கே குறட்டை விட்ட மனிதர். அவருக்கும் இதே இரண்டு வட்டங்கள். ஒவ்வாமையால் கண்ணைக் கசக்குகிறவர்களுக்கும் கருக்கும்.

பருவைப் பற்றி என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறார்: தாடை ஓரத்தில் மட்டும் விடாமல் வந்து, மாதக் கணக்கும் தவறினால், தூக்கத்தைத் திட்டிக்கொண்டிருக்காமல் பெண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம். இராத்திரி நாலு டம்ளர் சர்க்கரைக் காபியையும் குறைக்கச் சொல்கிறார். நெற்றியில் வந்தால் தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய் இறங்குகிறதா என்று பார்க்கவும்.

மார்ச் 17, பிற்பகல் 1.30

உசிலம்பட்டி நண்பர் கேட்டது: இரவு படுத்தால் அரிப்பு, பகலில் ஒன்றும் இல்லை, தூக்கமே போய்விட்டது.

இதற்கு அந்தக் கடிகாரமே பதில். அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கிவைக்கும் கார்ட்டிசால் இரவில் அடிமட்டம். தோல் வழியாக ஈரம் போவது கூடுதல். தூங்கப் போகும்போது கை காலுக்கு இரத்தம் அதிகம் ஓடித் தோல் சூடாகிறது. மூன்றும் சேர்ந்தால் சொறியத்தான் தோன்றும். கரப்பான் என்கிற அரிப்புத் தோல் நோய் உள்ள பிள்ளைகள் இராத்திரி அழுவதும் இதனால்தான். குளித்தவுடன் ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலைனோ பூசுங்கள்.

மார்ச் 18, இரவு 7.55

நேற்றைய பதிலை நம்பி எண்ணெய் வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.

ஒரு செவிலியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘வீட்டில் வேறு யாருக்கும் அரிக்கிறதா?’ மனைவிக்கு அரிக்கிறது, இரண்டு பிள்ளைகளுக்கும் அரிக்கிறது, விரலிடுக்கில் பொரிப் பொரியாக இருக்கிறது என்கிறார் உசிலம்பட்டியார். அதற்குப் பெயர் சிரங்கு. தோலுக்குள் குடியிருக்கும் உண்ணிப் பூச்சி. நான் கார்ட்டிசால், இரத்த ஓட்டம் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன், அது அங்கே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. மருத்துவரிடம் காட்டி பெர்மெத்ரின் மருந்தை வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூசி, காலையில் குளித்து, போர்வை தலையணை உறையை வெந்நீரில் அலச வேண்டுமாம். ஒருவர் விட்டாலும் திரும்ப வரும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

மார்ச் 19

கரப்பான் பற்றி எழுதியது மட்டும் நிற்கிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

ஏப்ரல் 4, பிற்பகல் 3.00

தூங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மார்க்கெட் முடிந்து பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை படுப்பது என் வழக்கம். இரவின் நாலரை மணி நேரத்தோடு இதையும் சேர்த்தால்தான் ஏழு மணி நேரக் கணக்கு நேராகும். ஒத்தக்கடையில் இப்போது அது நடக்காது. தேர்தல். பத்து நிமிடத்துக்கு ஒரு ஆட்டோ, ஒவ்வொன்றும் ஒரு கட்சி, எல்லா ஒலிபெருக்கியும் என் ஜன்னலை நோக்கி. 19ஆம் தேதி ஓட்டு. அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை.

வெயிலும் சேர்ந்துகொண்டது. யானைமலை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் எங்கள் தெருவுக்குத் திருப்பித் தருகிறது. தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். கை கால் வழியாக அந்தச் சூட்டை வெளியே தள்ளித்தான் இறக்குகிறது. அறையே 37, 38 டிகிரி என்றால் எங்கே தள்ளுவது? வியர்வையில்தான் தள்ள வேண்டும். வியர்த்து, பாயோடு ஒட்டி, வியர்வைக் குழாயின் வாய் அடைத்து, முதுகு முழுக்க வேர்க்குரு. அது குத்துவதில் தூக்கம் போகிறது. பவுடரைக் கொட்டினால் வியர்வையோடு குழைந்து மாவாகி இன்னும் அடைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு 21 கோடை ஆகியிருக்கிறது. நுங்குத் தண்ணீர் தடவினால் குளிர்ச்சியாக இருக்கிறது, காலமைன் லோஷன் அதைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறது. உண்மையான மருந்து காற்று. மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்து, மேசை விசிறியை நேராக முதுகுக்கு வைத்த பிறகுதான் ஆறியது.

ஏப்ரல் 13, பிற்பகல் 2.00

சனிக்கிழமை. எண்ணெய்க் குளியல் தூக்கத்துக்கும் தோலுக்கும் நல்லதுதானே என்று மேலூர்க்காரர் கேட்கிறார்.

தூக்கத்துக்கு வெந்நீர் நல்லது என்பதற்கு விளக்கம் மேலே உள்ளதுதான்: வெந்நீர் பட்டால் தோலின் இரத்தக் குழாய் விரிகிறது, உட்சூடு வெளியே போகிறது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண் சொக்குகிறது. நல்லெண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது, பரு உள்ள முதுகுக்கு அவ்வளவு நல்லதில்லை.

எனக்கு உள்ள சிக்கல் வேறு. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். இரவில் தூங்க எனக்கு நேரம் இல்லை என்பது முதலாளியின் சட்டம். 21 வருடமாக நான் எண்ணெய் தேய்ப்பதில்லை.

ஏப்ரல் 24, பிற்பகல் 12.40

முந்தாநாள் எதிர்சேவை, நேற்று விடிகாலை அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரில் யாரும் தூங்கவில்லை. ஸ்வீடன்காரர்கள் 23 பேருக்கு ஏன் அவ்வளவு சிரமப்பட்டார்கள்? நேற்று காலை ஆழ்வார்புரம் கரையில் நின்றிருந்தால் லட்சக்கணக்கில் கிடைத்திருக்கும். சிவந்த கண், தொங்கிய இமை, தண்ணீர் பீய்ச்சியதில் கரைந்த குங்குமம். ஆனால் ஒருவர் முகமும் எனக்கு அழகு குறைந்ததாகத் தெரியவில்லை. 65 நடுவர்களில் நான் இல்லாதது நல்லது.

வேறொன்று சொல்ல வந்தேன். தை மாதம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மொபெட் சைலன்சர் கெண்டைக்காலில் பட்டுவிட்டது. ஒரு ரூபாய் அளவு. ஆற ஐந்து வாரம் ஆனது. போன வருடம் அதே சைலன்சர் என் மகனை ஒரு மத்தியானம் சுட்டது, இரண்டு வாரத்தில் தழும்பு மட்டும்தான் மிச்சம். இங்கிலாந்தில் 118 தீக்காய நோயாளிகளின் ஆவணங்களைப் பார்த்தபோது, பகலில் சுட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 17 நாளில் ஆறியிருக்கிறது, இரவு எட்டு முதல் காலை எட்டுக்குள் சுட்டுக்கொண்டவர்களுக்கு 28 நாள். 2017இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டது. புண்ணை மூட ஓடிவரும் தோல் உயிரணுக்கள் உடம்பின் பகல் பொழுதில் வேகமாக ஊர்கின்றன, இரவில் மெதுவாக. எனக்கு இரவு, மகனுக்குப் பகல். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

மே 9, இரவு 8.10

அச்சாகப் பொருந்தும் கணக்கை நம்பக் கூடாது என்று கணக்கு எழுதுகிறவனுக்கே மறந்துவிட்டது.

முடி வெட்டுகிறவர் பின்கழுத்தைப் பார்த்து, ‘அண்ணே, இது அழுக்கு இல்லை, சர்க்கரை பாருங்கள்’ என்றார். கழுத்து மடிப்பில் வெல்வெட் துணி மாதிரி தடித்த கருப்பு. பல வருடமாக இருக்கிறது. மனைவி பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துச் சலித்துவிட்டார். நான் வெயில் என்றும் தூக்கக் கேடு என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரத்தத்தில் இன்சுலின் மிதமிஞ்சி ஓடினால் அங்கே தோல் தடித்து வளர்கிறதாம். தேய்த்தால் போகாது, தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். மூன்று மாதச் சர்க்கரை பார்த்தேன். 6.1. சர்க்கரை நோய் என்று எழுத 6.5 வேண்டும், 5.7க்கு மேலே போனாலே வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம்.

ஆகவே சைலன்சர் புண் ஐந்து வாரம் இழுத்ததற்கு இரவு இரண்டு மணி மட்டுமே காரணமாக இருக்க முடியாது. மகனுக்கு வயது 19, சர்க்கரை இல்லை, தொப்பை இல்லை. நான் அவனையும் என்னையும் ஒரே தராசில் வைத்தேன்.

தூக்கம் இதில் பின்வாசல் வழியாக வருகிறது. சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். நல்ல திடகாத்திரமான பையன்கள். ஒரே வாரத்தில் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதம் நோயின் தொடக்கத்தில் உள்ளவர்களைப் போல ஆகிவிட்டது. 1999. ஆறு இரவுக்கே அப்படி. நான் 21 வருடம். தூக்கம் கெட்டால் முகத்தில் தெரியும் என்றுதான் நாம் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னுடையது நான் பார்க்க முடியாத பின்கழுத்தில் இருந்தது.

மே 10

இல்லை, கழுத்து கருத்த எல்லாருக்கும் சர்க்கரை இல்லை. ஒரே இரவில் எட்டுப் பேர் பயந்து எழுதியிருக்கிறீர்கள். இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், ஒரு வேலை முடிந்தது.

மே 26, பிற்பகல் 1.20

திருமங்கலத்துப் பிள்ளை மறுபடி வந்திருக்கிறார். விடுமுறை நாளில் மூன்று மணிக்குப் படுக்கிறாராம், பகலில் இடையில் விழிப்பது குறைந்துவிட்டதாம். நல்லது. பெண் மருத்துவரையும் பார்த்திருக்கிறார். ஆனால் கடைசி வரியில் ஒரு செய்தி: தோழி சொன்னார் என்று ஒரு மருந்துக் கடையில் ஒரு ட்யூப் வாங்கி, இரண்டு மாதமாக இரவு கிளம்பும்போது பூசுகிறார். ‘பத்தே நாளில் முகம் வெளுத்தது அண்ணே. இப்போது வெயில் பட்டால் எரிகிறது, பரு கூடிவிட்டது, பூசாவிட்டால் சிவக்கிறது.’

அந்த ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னேன். மோமெட்டாசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். முதலாவது ஸ்டீராய்டு. மருத்துவர் எழுதி, சில வாரம், அவர் கண்பார்வையில் பூச வேண்டியது. கேட்டவுடன் கொடுத்துவிடுகிறார்கள். மாதக் கணக்கில் முகத்தில் போட்டால் தோல் காகிதமாக மெலியும், உள்ளே ஓடும் குழாய் தெரியும், நிறுத்தினால் பழிவாங்கும். தோல் மருத்துவரிடம் போங்கள், இந்த வாரமே, ட்யூபையும் எடுத்துக்கொண்டு.

இரண்டு வருட இரவுப் பணி செய்யாத கெடுதலை ஒரு ட்யூப் இரண்டு மாதத்தில் செய்திருக்கிறது. அம்மாவிடமும் ஒன்று சொல்லுங்கள்: தூக்கம் நிறத்தை மாற்றாது. நன்றாகத் தூங்கினால் முகம் தெளியும், கண் திறக்கும். கருப்புக் கருப்பாகத்தான் இருக்கும், அதில் ஒரு குறையும் இல்லை.

ஜூன் 9, இரவு 8.25

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. மார்ச் 2, இரண்டாவது பத்தி.

சர்க்கரைக்குப் பார்த்த மருத்துவர் சட்டைக் காலரின் அளவு கேட்டார். பதினேழு அங்குலம். குறட்டை உண்டா என்றார். எனக்குத் தெரியாது என்றேன். மனைவி அறைக்கு வெளியிலிருந்தே பதில் சொன்னார்: உண்டு, நடுநடுவே மூச்சு நின்றுபோகும், பிறகு முட்டிக்கொண்டு வரும், பல வருடமாக நடக்கிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ‘எழுப்பினால் திட்டுவீர்கள், ஒன்றரைக்கு வேறு எழுந்திருக்க வேண்டும்’ என்றார்.

ஒரு நாள் விடுப்பு எடுத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஓர் இரவு படுத்தேன். மணிக்கு 22 முறை மூச்சு அடைபடுகிறது. ஐந்துக்குக் கீழே இருந்தால் சரி, 15ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 30க்கு மேல் போனால் மோசம். 22ஐ என் நாலரை மணி நேரத்தால் பெருக்கினேன், பழக்கதோஷம். 99. ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது, எனக்கு நினைவு இருப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பத்து மணி முதல் ஒன்றரை வரை நான் தூங்குகிறேன், ஆனாலும் முகத்தைப் பாருங்கள் என்று எழுதினேனே, அந்தச் சாட்சி செல்லாது. படுத்திருந்தேன். அந்த வீடியோ சொன்னது இப்போதும் தவறுதான், ஆனால் அதை நிரூபிக்க என் முகத்தைக் காட்டியிருக்கக் கூடாது.

முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிறு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இன்றோடு பன்னிரண்டு நாள். பகலில் கடையில் தலை தொங்குவது நின்றிருக்கிறது. கண்ணுக்குக் கீழே உள்ள பைகள் அப்படியே இருக்கின்றன, கழுத்தும் அப்படியே. தோலில் இதுவரை தெரிந்த ஒரே மாற்றம், மூக்குத் தண்டில் முகமூடி பதிந்த சிவப்புக் கோடு. நேற்று தராசுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இராத்திரி வீட்டில் சண்டையா என்று கேட்டார்.

மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். எட்டரை ஆகிவிட்டது.